தினம் ஒரு லாவெண்டர்

பார்க்கிற எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கூட வேலை செய்யும் நர்ஸுகள், மாடிவீட்டு அம்மா, சர்ச் பாடல் குழுவில் பக்கத்தில் நிற்பவர், நாகர்கோவிலில் இருக்கும் என் அம்மா, நர்ஸிங் காலேஜ் வாட்ஸ்அப் குழுவில் உள்ள அத்தனை தோழிகள், ஒருவர் பாக்கியில்லை. இனி எழுதுவதுதான் மிச்சம். 80 மில்லிகிராம் லாவெண்டர் எண்ணெய் அடைத்த சின்னஞ்சிறு கேப்ஸ்யூல். ஒரு நாளைக்கு ஒன்று. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது என் நாட்களுக்குச் செய்திருக்கிற நல்லதைச் சொல்லத் தொடங்கினால் எனக்கு வாய் ஓயாது!

நான் ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூ நகரத்தில், ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். காலை டியூட்டி ஆறு மணிக்கு. ராத்திரி டியூட்டிக்காரர் ஹேண்டோவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு அறைகளில் மணி அடித்துவிடும். ஒருவருக்கு இன்சுலின் போட வேண்டும், இன்னொருவருக்குக் காலில் புண், கட்டு மாற்ற வேண்டும். மூன்றாமவர் ராத்திரி கட்டிலருகே சறுக்கி விழுந்திருக்கிறார், டாக்டருக்குச் சொல்ல வேண்டும், டாக்டரின் போன் எங்கேஜ்டாகவே இருக்கும். அதற்குள், உடம்பு சரியில்லை என்று லீவ் சொன்னவருக்குப் பதில் ஆள் கிடைக்கவில்லை என்ற செய்தி வந்து நிற்கும். செய்த ஒவ்வொரு வேலையையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், ஏற்றாத வேலை செய்யாத வேலை. வீடு திரும்பினால் மகனின் பள்ளிக்கூடக் கடிதங்கள், ஹீட்டிங் பில், ஊரில் அப்பாவின் சர்க்கரை அளவு.

இதெல்லாம் இல்லாத வீடு எது? நான் பேச வந்ததே இந்தச் சாதாரண டென்ஷனைப் பற்றித்தான். நோய் என்று யாரும் பெயர் வைக்காத, லீவ் போடக் காரணம் ஆகாத, ஆனால் நாள் முழுக்க உடம்பைவிட்டு இறங்காத டென்ஷன். என் தோள்கள் இரண்டும் காதை நோக்கி ஏறியே இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன், தாடை வலித்த பிறகுதான் தெரியும். விடியற்காலை மூன்றரைக்குக் கண் விழித்து, அன்றைக்குச் செய்ய வேண்டியதை வரிசையாக எண்ணத் தொடங்குவேன். பிறகு எங்கே தூக்கம்! வேலையில் ஒரு குறையும் வைத்ததில்லை. சிரித்த முகமாகத்தான் இருப்பேன். உள்ளே மட்டும் ஒரு மோட்டார் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

டாக்டர் ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தார். தைராய்டு சரி, இரும்புச்சத்து சரி, இரத்த அழுத்தமும் சரி. படபடப்புக்குத் தைராய்டும் ரத்தசோகையும் காரணமாக இருக்கலாம் என்பதால் அதை முதலில் பார்த்துவிடுவது எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்வி தீர்ந்தபிறகு, எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். ஜெர்மன் மருந்துக்கடைகளை எனக்கு எப்போதும் பிடிக்கும். கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் படித்த மருந்தாளர். நாம் கேட்டதை எடுத்து நீட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட மாட்டார். அன்றைக்கு நின்றவர் நரைத்த முடியைக் கொண்டை போட்ட ஒரு பெரியம்மா. தூக்கம் எப்படி, வேறு மாத்திரை உண்டா, கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா, கல்லீரலில் ஏதாவது தொந்தரவு உண்டா, மனசு சோர்ந்து கிடக்கிறதா அல்லது பரபரவென்று இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். “பரபரப்புதான்” என்றேன். பின்னால் திரும்பி ஓர் இழுப்பறையைத் திறந்து ஊதா நிற டப்பா ஒன்றை வைத்தார். லாசேயா.

எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. லாசேயா தயாரிக்கும் ஷ்வாபே கம்பெனி எங்கள் ஊர்க்காரர்கள்தான். 1866-ல் லைப்ஸிக்கில் தொடங்கியவர்கள், இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கார்ல்ஸ்ரூவுக்கு வந்துவிட்டார்கள். இன்றைக்கும் டுர்லாக் பகுதியில் இருக்கிறார்கள். எங்கள் இல்லத்தில் சில தாத்தா பாட்டிகளின் வார மாத்திரைப் பெட்டியில் நான் அடுக்குகிற டெபோனின், அந்த ஜின்கோ இலை மாத்திரை, அதுவும் இவர்களுடையதே. தினமும் இவர்கள் மருந்தை மற்றவர்களுக்கு எடுத்துக்கொடுத்த எனக்கு, என் முறை வந்தது.

டப்பாவைப் பிரித்தால் அலுமினிய அட்டையில் வரிசையாக ஊதா நிற முட்டைகள். அப்படி ஓர் அழகு! கையில் எடுத்தால் வழுவழுவென்று, மீன் எண்ணெய் கேப்ஸ்யூலைவிடச் சிறியதாக இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் லேசாக மணக்கும். உள்ளே இருக்கிற எண்ணெய்க்கு ஆய்வுகளில் வழங்கும் பெயர் சைலெக்ஸான். மருந்துத் துண்டுச்சீட்டில் எழுதியிருக்கும் பயன்பாடு ஒற்றை வரிதான், பதற்ற மனநிலையால் வரும் அமைதியின்மைக்கு. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, நாளுக்கு ஒன்று, மெல்லாமல், ஒரு முழு டம்ளர் தண்ணீருடன், படுத்துக்கொண்டு விழுங்கக் கூடாது. இங்கே இதைச் சட்டப்படி மருந்தாகவே பதிவு செய்திருக்கிறார்கள், மருந்துக்கடையில் மட்டும்தான் விற்கலாம், டாக்டர் சீட்டு தேவையில்லை. இதே சைலெக்ஸானை அமெரிக்காவில் உணவுச் சத்து மாத்திரை வரிசையில் காம்எய்ட் என்ற பெயரில் விற்கிறார்கள்.

விழுங்கின கொஞ்ச நேரத்தில் ஓர் ஏப்பம் வரும். அந்த ஏப்பத்தைப் பற்றிச் சொல்லாமல் போகவே முடியாது. துண்டுச்சீட்டில் அதைப் பக்கவிளைவு என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு அது பரிசு. தொண்டைக்குள்ளிருந்து லாவெண்டர் மணம் மேலேறி மூக்கு வழியாக வெளியே போகும். டிராமில் உட்கார்ந்து, வெளியே இன்னும் இருட்டாக இருக்கும்போது, ஜன்னலில் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்க, உள்ளே மட்டும் ஒரு பூந்தோட்டம். என்னுடன் வேலை செய்யும் அக்கா ஒருவருக்கு இந்த ஏப்பம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவருக்கு ஒரு யோசனை சொன்னேன், வெறும் வயிற்றில் போடாதீர்கள், ரொட்டியோ இட்லியோ சாப்பிட்ட பிறகு போடுங்கள் என்று. இப்போது அவருக்கும் தொந்தரவில்லை.

முதல் சில நாட்கள் ஒன்றும் தெரியவில்லை. தெரியாது என்று மருந்தாளர் அம்மாவும் சொல்லித்தான் அனுப்பினார். இது டோலோ அல்ல, போட்டதும் காய்ச்சல் இறங்குவதற்கு. இரண்டு வாரம் பொறுங்கள், அதற்குப் பிறகும் அப்படியே இருந்தாலோ கூடினாலோ டாக்டரைப் பாருங்கள் என்றார். நானும் பொறுத்தேன். பிறகு ஒரு நாள் நடந்ததை எப்படிச் சொல்வேன்!

காலை பத்து மணி. மூன்று மணிகள் ஒன்றாக அடிக்கின்றன. ஒரு பாட்டியின் மகள் போனில் இருக்கிறார். அம்மாவின் நீல நிறக் கம்பளிச் சட்டை சலவைக்குப் போய் மூன்று வாரமாக வரவில்லையாம், குரல் ஏறிக்கொண்டே போகிறது. வலது கையில் போன், இடது கையில் மருந்து வண்டியின் சாவி. எனக்கு எதிரே, தொண்ணூறு வயது தாண்டிய இன்னொரு பாட்டி, நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு, பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்கிறார். ஞாபகம் போய்விட்டவர். அந்தப் பேருந்து நின்றுபோய் எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். அன்றைக்குக் காலையிலிருந்து அதே கேள்வி.

எப்போதும் இந்த இடத்தில் என் தோள் ஏறும், தாடை இறுகும். அன்றைக்கு ஏறவில்லை. போனில் இருந்தவரிடம், “சட்டையில் பெயர் தைத்திருக்கிறதா? நானே சலவை அறைக்குப் போய்ப் பார்க்கிறேன், மதியம் கூப்பிடுகிறேன்” என்றேன். அந்தக் குரல் என் குரல்தானா என்று எனக்கே வியப்பு. அப்படி ஒரு நிதானம். பாட்டியிடம் திரும்பினேன். அவருடைய சட்டையின் மேல் பொத்தான் தப்பான துளையில் மாட்டியிருந்தது. சாவியைப் பையில் போட்டுவிட்டு, பொத்தானைக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டேன். “பேருந்து வர இன்னும் நேரம் இருக்கிறது, வாங்க, ஒரு காபி குடிக்கலாம்” என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று மணிகளும் அடித்துக்கொண்டுதான் இருந்தன. ஒவ்வொன்றாகப் போனேன்.

வேலை ஒரு துளி குறையவில்லை. மணி குறையவில்லை, ஆள் கூடவில்லை. மோட்டார் மட்டும் நின்றிருந்தது. மத்தியானம் யூனிஃபார்ம் மாற்றும்போதுதான் அது உறைத்தது. அலமாரியில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஆண்டவரே நன்றி என்றேன்.

தூக்கம் அதற்கப்புறம் வந்து சேர்ந்தது. இது தூக்க மாத்திரை இல்லை, போட்டுவிட்டுப் படுத்தால் கண் சொருகாது. காலையில் போட்டாலும் வேலையில் மந்தம் கிடையாது. ஆளைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரவைக்கிற எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! ராத்திரி நடப்பது வேறு. விடியற்காலையில் கண் விழிப்பேன், மணி பார்ப்பேன், செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் வரத்தான் வரும், ஆனால் அது என்னை இழுத்துக்கொண்டு போகாது. மறுபக்கம் புரண்டு படுத்துவிடுவேன். அலாரம் அடிக்கும்.

நான் மருத்துவத் துறையில் இருப்பவள். பிடித்துப்போனதாலேயே நம்பிவிடுகிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஏன் வேலை செய்கிறது என்று தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க என் உற்சாகம் கூடியது.

லாவெண்டர் எண்ணெயின் இரண்டு முக்கியச் சரக்குகள், லினலூல், லினலைல் அசிட்டேட். நரம்புச் செல் ஒன்று இன்னொன்றுக்குச் சேதி அனுப்ப வேண்டுமென்றால், அதன் நுனியில் உள்ள சின்ன வாசல்கள் வழியாகக் கால்சியம் உள்ளே புக வேண்டும். பதற்றத்தில் இந்த வாசல்கள் அளவுக்கு மீறித் திறக்கின்றன, கிளர்ச்சியூட்டும் ரசாயனங்கள் கொட்டுகின்றன. சைலெக்ஸான் இந்த வாசல்களைக் கொஞ்சம் ஒருக்களித்து வைக்கிறது. முழுக்கச் சாத்துவதில்லை. அதனால்தான் மனசு மரத்துப்போகாமல் பரபரப்பு மட்டும் தணிகிறது. செரோடோனின் சார்ந்த ஓர் ஏற்பியிலும் அதற்குக் கை இருப்பதாக வியன்னாவில் பெட் ஸ்கேன் வைத்துச் செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. லோராசிபாம் வகை மாத்திரைகள் வேலை செய்கிற இடம் வேறு. அவை காபா என்ற ஏற்பியைப் பிடிப்பவை. உடனே அமைதி தரும், தூக்கமும் தரும், நாளாக ஆக உடம்பு அதற்கு அடிமையாகும். எங்கள் இல்லத்தில் அந்த மாத்திரையை நான் கையெழுத்துப் போட்டுப் பூட்டுப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பவள். அது போட்ட பிறகு முதியவர்கள் தள்ளாடுவதைப் பார்த்திருக்கிறேன், கூடவே நடந்து பிடித்திருக்கிறேன். அது தேவைப்படும் நோயாளிகள் உண்டு, அது வேறு. என் காலை நேரத்துப் படபடப்புக்கு அது எதற்கு?

இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட்ட ஆய்வே இருக்கிறது. 2010-ல் வெளியானது. பொதுப் பதற்றக் கோளாறு உள்ள 77 பேர், ஆறு வாரம். ஒரு பாதிக்கு 80 மில்லிகிராம் லாவெண்டர், மறுபாதிக்கு 0.5 மில்லிகிராம் லோராசிபாம். பதற்றத்தை அளக்கும் ஹாமில்டன் அளவுகோலில் இரு சாராருமே சுமார் 25 புள்ளியில் தொடங்கினார்கள். முடிவில் லாவெண்டர் குழுவுக்குப் புள்ளி சராசரியாக 11.3 குறைந்திருந்தது, லோராசிபாம் குழுவுக்கு 11.6. இதைப் படித்தபோது நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன்!

அதே ஆண்டு, வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் சீக்ஃப்ரீட் காஸ்பரும் கூட்டாளிகளும் 221 பேரைப் பத்து வாரம் பார்த்தார்கள். என்னைப் போல நோய் என்ற எல்லையைத் தொடாத பதற்றக்காரர்களும் இதில் அடக்கம். லாவெண்டர் எடுத்தவர்களின் புள்ளி சராசரியாக 16 இறங்கியது. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 9.5. தூக்கமும் கூடவே மேம்பட்டது. 2014-ல் இன்னும் பெரிய ஆய்வு, 539 பேர். அதில் பாராக்சிடின் என்ற பிரபலமான மருந்தையும் ஓர் ஓரத்தில் சேர்த்தார்கள். புள்ளி பாதியோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் 160 மில்லிகிராம் லாவெண்டர் எடுத்தவர்களில் 60.3 சதவீதம், 80 மில்லிகிராம் எடுத்தவர்களில் 51.9, பாராக்சிடினில் 43.2, போலி மாத்திரையில் 37.8. போலி மாத்திரைக்கே அத்தனை பேர் தேறுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். மனசு அப்படிப்பட்டது, கவனிக்கிறார்கள் என்றாலே பாதி ஆறும். அதற்கும் மேலே லாவெண்டர் நிற்கிறது என்பதுதான் என்னைக் கவர்ந்தது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் கொடுத்தது தயாரிப்பாளர் தரப்பே. அதைத் தெரிந்துகொண்டுதான் படிக்க வேண்டும். நான் அதையும் தெரிந்துகொண்டுதான் கொண்டாடுகிறேன்.

எண்ணெய் எப்படி எடுக்கிறார்கள் என்று பார்க்காமல் எனக்கு நிம்மதியில்லை. ஒரு ஜூலை விடுமுறையில் குடும்பத்தோடு காரை எடுத்துக்கொண்டு லியோன் வழியாகத் தெற்கே இறங்கினோம். பிரான்சின் ப்ரோவான்ஸ் பகுதி, வாண்டூ மலைக்கு எதிரே உள்ள சோ என்ற சிற்றூர். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஊதா வரிசைகள். கார் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது மணமல்ல, இரைச்சல். அத்தனை தேனீக்கள்! மகன் இறங்க மாட்டேன் என்று உள்ளேயே உட்கார்ந்துகொண்டான். பிறகு மணம் வந்தது, வெயிலில் காய்ந்த வைக்கோலும் பூவும் கலந்த, சோப்பில் நாம் அறியாத ஓர் ஆழமான மணம்.

அங்கே வடிசாலை வைத்திருந்தவர் பொறுமையாக விளக்கினார். அறுத்த பூங்கதிர்களை ஆளுயரத்துக்கு மேலான எஃகுத் தொட்டியில் கொட்டி மிதித்து அமுக்குகிறார்கள். அடியிலிருந்து நீராவி ஏறுகிறது, பூவிலுள்ள எண்ணெயைத் தூக்கிக்கொண்டு வளைந்த குழாய் வழியாகப் போய்த் தண்ணீருக்குள் சுருளும் குழாயில் குளிர்ந்து சொட்டுகிறது. கீழே ஒரு செம்புப் பாத்திரம். தண்ணீர் அடியில் நிற்கும், எண்ணெய் மேலே மிதக்கும், வெளிர் மஞ்சளாக. நூறு கிலோவுக்கு மேல் பூ போட்டால்தான் ஒரு கிலோ எண்ணெய். எங்கள் ஊரில் ஓமத்தைக் கொதிக்கவைத்து ஓம வாட்டர் இறக்குவதும் இதே வித்தைதான், சித்த வைத்தியர்களின் வாலையும் இதே வித்தைதான். குழந்தை வயிறு உப்பி அழுதால் ஓம வாட்டர் கொடுத்து வளர்த்த ஊரிலிருந்து வந்தவளுக்கு, நீராவியில் இறக்கிய மருந்தின்மேல் நம்பிக்கை வரச் சொல்லியா தர வேண்டும்?

அவர் சொன்ன இன்னொரு விஷயம் மிக முக்கியம். லாவெண்டர் என்று ஊரெல்லாம் விற்பது எல்லாம் ஒன்றல்ல. மலை உயரத்தில் வளரும் அசல் லாவெண்டர் ஒன்று, லாவாண்டின் என்ற கலப்பினம் இன்னொன்று. வாலன்சோல் பீடபூமிப் படங்களில் நாம் பார்க்கும் கொழுத்த ஊதா வரிசைகள் பெரும்பாலும் லாவாண்டின்தான். அது எண்ணெய் நிறையத் தரும், சோப்புக்கும் துணி அலசும் திரவத்துக்கும் போகும். அதில் கற்பூரக் கூறு அதிகம். மருந்துக்கு அசல் லாவெண்டர்தான். ஐரோப்பிய மருந்தியல் நூல் அதில் லினலூல் 20 முதல் 45 சதவீதம் இருக்க வேண்டும் என்றும், கற்பூரம் 1.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு கட்டியிருக்கிறது. இரண்டு சீசாவைத் திறந்து மாற்றி மாற்றி முகரக் கொடுத்தார். ஒன்று மூக்கைத் துளைத்தது. இன்னொன்று நெஞ்சுவரை இறங்கியது. எது எது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

அதனால்தான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வாசனைக்காக விற்கும் லாவெண்டர் எண்ணெய் சீசாவைத் திறந்து ஒரு சொட்டுகூடக் குடிக்காதீர்கள். அது தலையணைக்கு, குளியல் தண்ணீருக்கு, விளக்குக்கு. உள்ளே எந்த எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. வாயையும் இரைப்பையையும் சுடும், குழந்தைகள் குடித்தால் ஆபத்து. நான் கொண்டாடுவது அளந்து அடைத்த, மருந்துத் தரத்தில் சோதித்த கேப்ஸ்யூலை மட்டும். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் டப்பாவில் மூன்றைப் பாருங்கள், சைலெக்ஸான் என்ற பெயர், 80 மில்லிகிராம் என்ற அளவு, அசல் லாவெண்டரின் தாவரப் பெயர். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வேண்டாம். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது. மனநலத்துக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் தாங்களாக அதை நிறுத்திவிட்டு இதற்கு மாறாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். நெஞ்சை அடைக்கும் பயம், எதிலும் நாட்டமில்லாத சோர்வு, வாழவே வேண்டாம் என்ற எண்ணம், இவற்றுக்கு மருந்துக்கடைக் கவுண்டர் போதாது. சைவர்களுக்கு ஒரு சொல், கேப்ஸ்யூலின் தோல் ஜெலட்டின், விலங்கிலிருந்து எடுப்பது. எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் ஓர் அம்மா, நான் இதைச் சொன்னதும், டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் கேட்குமுன்பே சொன்னதில் எனக்குத் திருப்தி.

அம்மாவிடம் சொன்னபோது அவள் கேட்டது, “லேவண்டரா? அது பவுடர்ல்லா மக்கா?” பவுடரில் மணக்கிற அதே பூவின் எண்ணெய் என்றேன். விளக்கிக்கொண்டே போகையில் எனக்கே ஒன்று தோன்றியது. துளசி, கற்பூரவள்ளி, லாவெண்டர் எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். அந்த லினலூல், கொத்தமல்லி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் நிறைந்து கிடக்கிறது. அம்மா சாயங்காலம் தட்டிப் போடுகிற சுக்குமல்லிக் காப்பியில் மூக்கைச் சுண்டுகிற மணத்தில் அதற்கும் பங்கு உண்டு. காப்பி கேப்ஸ்யூலுக்கு ஈடாகாது, அளவு எங்கே, காப்பி எங்கே. ஆனால் அம்மாவுக்கு அந்தச் சொந்தம் போதும். “அப்போ நம்ம மல்லிக்க சொந்தக்காரிதான், நீ தின்னு மக்கா” என்று உத்தரவு கொடுத்துவிட்டாள்.

எல்லோரும் என்னிடம் கேட்கிற கேள்வி, நிறுத்தினால் என்ன ஆகும் என்பது. நர்ஸுகளுக்கு அதுதான் முதல் கவலை, எத்தனை பேர் மாத்திரையை விட முடியாமல் தவிப்பதைப் பார்க்கிறோம். 2014 ஆய்வில் கலந்துகொண்டவர்களைப் பத்து வாரம் முடிந்தபிறகும் கவனித்து, 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லாவெண்டரைச் சட்டென்று நிறுத்தியவர்களுக்கு விலகல் தொந்தரவுகள் வரவில்லை என்பது அதன் முடிவு. நானும் பார்த்துவிட்டேன். ஊருக்குப் போன கோடை லீவில் டப்பாவைக் கார்ல்ஸ்ரூவிலேயே வைத்துவிட்டுப் போனேன். கைநடுக்கம் இல்லை, ஏக்கம் இல்லை, தூக்கம் போகவில்லை. முட்டம் கடற்கரையில் சாயங்காலக் காற்று, அம்மா வைத்த மீன் குழம்பு, அப்பாவின் சர்க்கரை கட்டுக்குள். எனக்கு அங்கே எந்த மாத்திரையும் தேவைப்படவில்லை.

திரும்பி வந்து குளிர்காலத்து டியூட்டி அட்டவணையைப் பார்த்தேன். இரண்டு பேர் குறைவு, கிறிஸ்துமஸ் வாரம் முழுக்கக் காலை டியூட்டி. சாயங்காலமே தெருமுனைக்குப் போனேன். கொண்டை போட்ட பெரியம்மா என்னைப் பார்த்ததும் இழுப்பறைப் பக்கம் திரும்பிவிட்டார். “சிறியதா, பெரியதா?” என்றார். விலை கொஞ்சம் கூடத்தான், இருக்கட்டும். 56 கேப்ஸ்யூல் உள்ள டப்பாவையே கேட்டு வாங்கிக்கொண்டேன்.